ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, பாதிப் பேருக்கு மட்டும் ஏன் திருப்தி இல்ல?

கேள்வி சுருக்கமா இதுதான்: சென்னைல ஒரு நலச்சங்கம் அவங்க தெருக்காரங்ககிட்ட குப்பை எடுக்கறது எப்படி இருக்குன்னு கேட்டிருக்காங்க, பாதிப் பேர் நல்லா இருக்குன்னும் பாதிப் பேர் ரொம்ப மோசம்னும் சொல்லியிருக்காங்க. வர்றது ஒரே பேட்டரி வண்டிதான், அப்ப இதுல யார் சொல்றது உண்மை, இதை வச்சு வார்டு ஆபீஸ்ல என்னன்னு பேசறதுன்னு கேக்கறாங்க. கூடவே பிரிச்சுக் கொடுத்தாலும் எல்லாத்தையும் ஒண்ணாதானே கொட்டறாங்க, எதுக்குப் பிரிக்கணும்னு ஒரு கோபமும் இருக்கு.

நான் ரொம்ப வருஷமா நலச்சங்கங்களோட சேர்ந்து குப்பை பிரிக்கற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல, ரெண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்றாங்க. வண்டி காலைல ஆறரை ஏழு மணிக்கு வேலையை ஆரம்பிக்குது, உங்க தெருவோட இந்த முனைக்கு ஏழரைக்கு வந்துடும், ஆனா அந்த முனைக்கு வர ஒன்பதரை ஆகலாம், நடுவுல ஒரு வீட்டுல பூட்டு, ஒரு வீட்டுல இருங்க வர்றேன்னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷம், ஒரு இடத்துல தண்ணி லாரி ரோட்டை அடைச்சு நிக்கும். கீழ் வீட்டுல இருக்கற ஓனர் அம்மாவுக்கு விசில் சத்தம் கேக்கும், டப்பாவை எடுத்துட்டு வந்து கொடுத்துடுவாங்க, அவங்களுக்கு இது நல்ல சர்வீஸ். மூணாவது மாடில வாடகைக்கு இருக்கற புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் எட்டே காலுக்குக் கிளம்பிட்டா, அவங்களைப் பொறுத்தவரைக்கும் வண்டி வாரத்துல ஒரு நாள்தான் வருது, அதுவும் ஞாயித்துக்கிழமை வந்தா. மீதி நாள் பையைக் கட்டி படிக்கட்டுக்குக் கீழ வைப்பாங்க, நாய் கிழிச்சுடும், அதுல அசோசியேஷன்ல ஒரு சண்டை. அவங்ககிட்ட போய் தினமும் வண்டி வருதா இல்லையான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?

அதனால என் அனுபவத்துல, திருப்தியைத் தீர்மானிக்கறது வண்டி எத்தனை தடவை வருதுங்கறது கிடையாது, எத்தனை மணிக்கு வரும்னு உறுதியாத் தெரியுமாங்கறதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் சரியா ஏழு மணிக்கு வர்ற தெருவுல புகாரே இருக்காது, தினமும் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வர்ற தெருவுல தினமும் புகார் இருக்கும். பிரிட்டன்ல இருக்கற வேல்ஸ் நாட்டை எடுத்துக்கோங்க, அங்க கான்வின்னு ஒரு உள்ளாட்சில 2018ல இருந்து பிரிச்சது போக மீதிக் குப்பையை நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுக்கறாங்க, ஆனா சாப்பாட்டுக் கழிவை வாராவாரம் தனி டப்பால எடுத்துடுவாங்க, எந்த நாள்ல எதுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னாடியே தெரியும். மொத்த வேல்ஸ்லயும் உள்ளாட்சிகள் எடுக்கற குப்பைல 60 சதவீதத்துக்கு மேல மறுசுழற்சிக்கோ உரத்துக்கோ போகுது. நம்ம ஊர் வெயில்ல மீன் கழிவை ஒரு நாள் கூட வச்சிருக்க முடியாது, அதனால மக்கும் குப்பையை இங்க தினமும்தான் எடுக்கணும், அதுல வேற பேச்சே இல்ல. ஆனா பிளாஸ்டிக், பேப்பர், பாட்டிலை எல்லாம் தினமும் எடுக்க அவசியமே இல்ல, வாரத்துல ஒரு நாள் இந்தக் கிழமைன்னு கல்வெட்டு மாதிரி முடிவு பண்ணிட்டா போதும், வண்டிலயும் இடம் மிச்சம், வேலை செய்யறவங்களுக்கும் நேரம் மிச்சம், அந்த நேரத்தை வச்சு வேலைக்குப் போறவங்க இருக்கற பக்கத்துக்கு வண்டியைச் சீக்கிரம் அனுப்பலாம்.

அடுத்த விஷயம் வண்டில வர்ற ஆள். இதை யாரும் சர்வேல கேக்கறதே இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஒரே அக்கா ரெண்டு மூணு வருஷமா ஒரு தெருவுக்கு வந்தாங்கன்னா எந்த வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்க, யார் எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க, எந்த வீட்டு டப்பால எப்பவும் கலந்து வரும்னு எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி, முதல் மாடிப் பாட்டி இறங்க முடியலன்னா இவங்களே ஏறிப் போய் வாங்கிட்டு வருவாங்க, அதெல்லாம் எந்த காண்ட்ராக்ட்லயும் எழுதி இருக்காது. ரூட் மாத்தி புது ஆள் வந்த மாசத்துல புகார் எகிறும், இதைத் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன். 2025 ஆகஸ்ட்ல ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களோட குப்பை வேலையை தனியார்கிட்ட கொடுத்தப்ப, வருஷக்கணக்கா அங்க வேலை பாத்துட்டு இருந்த தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்து போராடினாங்க, கடைசில ராத்திரியோட ராத்திரியா போலீஸ் அவங்களை அப்புறப்படுத்தினாங்க, ஊரே பாத்துச்சு. சம்பளம் குறையும், வேலை நிரந்தரம் ஆகாதுங்கறது அவங்க கவலை. இதை நாம ஏதோ அவங்களோட தனிப் பிரச்சனைன்னு நினைச்சுக்கறோம், அப்படிப் பாக்கக் கூடாது. நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியாத ஆள்கிட்ட என் தெருவைப் பொறுப்பாப் பாத்துக்கோன்னு எப்படிச் சொல்றது? கையுறையும் பூட்ஸும் ஒழுங்காக் கொடுக்காம, உடைஞ்ச வண்டியை ரிப்பேர் பண்ணாம, நேரத்துக்கு வரலன்னு மட்டும் அவங்களைக் குத்தம் சொல்றது நியாயமே கிடையாது.

உங்க சர்வேல இன்னொரு ஓட்டை இருக்கும்னு நினைக்கறேன். யார்கிட்ட கேட்டீங்க? பெரும்பாலும் வாட்ஸ்அப் குரூப்ல ஓனருங்கதான் இருப்பாங்க. ஆனா பாதி வீட்டுல குப்பையைக் கையால எடுத்துட்டுப் போய்க் கொடுக்கறது வீட்டு வேலை செய்யற அக்கா, இல்லன்னா ஃபிளாட் வாட்ச்மேன். கிச்சன்ல ரெண்டு டப்பா வச்சு அழகாப் பிரிச்சிருப்பாங்க, அதை ரெண்டையும் ஒரே கவர்ல கட்டிக் கீழ கொண்டு போறது வேற ஆளா இருக்கும், ஏன்னா அவங்ககிட்ட யாரும் இதைப் பத்திச் சொன்னதே கிடையாது. அப்புறம் வண்டில ஒண்ணாப் போயிடுச்சுன்னு மேல இருந்து கோபம் வரும். அதே மாதிரி வாடகைக்கு இருக்கறவங்க, பின்பக்கச் சந்துல இருக்கறவங்க, வண்டியே உள்ள நுழைய முடியாத குடிசைப் பகுதில இருக்கறவங்க, இவங்க பதில் எல்லாம் சராசரில காணாமப் போயிடும். பத்துல ஏழு பேர் திருப்தின்னு ஒரு நம்பர் வந்தா அந்த மூணு பேர் எங்க இருக்காங்கன்னு பாருங்க, முக்கால்வாசி அவங்க ஒரே சந்துல இருப்பாங்க.

இப்ப கொஞ்சம் பழைய கதை, ஏன்னா சென்னைல வீட்டு வாசல்ல வந்து குப்பை வாங்கற பழக்கம் வந்த விதம் தெரிஞ்சா நிறைய புரியும். 1989ல எம்.பி.நிர்மல் எக்ஸ்னோரான்னு ஒரு தன்னார்வ அமைப்பு ஆரம்பிச்சாரு, தெருத்தெருவா சிவிக் எக்ஸ்னோரான்னு வந்துச்சு, தெருக்காரங்களே காசு போட்டு ஒரு மூணு சக்கர வண்டி வாங்கி, ஒருத்தருக்கு மாசச் சம்பளம் கொடுத்து, வீடு வீடா குப்பை வாங்க வச்சாங்க. அந்த ஆள் வரலன்னா சாயங்காலமே செக்ரட்டரி வீட்டுக்கு நாலு பேர் போய் நிப்பாங்க. கணக்கு அங்கயே, அந்தத் தெருவுலயே முடிஞ்சுடும். 2000ல மூணு மண்டலத்தோட குப்பை வேலை தனியாருக்குப் போச்சு, அதுக்கப்புறம் கம்பெனிகள் மாறி மாறி வந்துச்சு, வீடு வீடா வாங்கற வேலையும் தெருக்காரங்க கையை விட்டுப் போச்சு. பெரிய ஊருக்கு அது தேவைதான், 426 சதுர கிலோமீட்டர் இருக்கற, தினமும் 5,000 டன்னுக்கு மேல குப்பை வர்ற ஊரை ட்ரைசைக்கிள் வச்சு ஓட்ட முடியாது, ஒத்துக்கறேன். ஆனா பொறுப்பு எங்க இருக்குங்கறது மங்கிடுச்சு. வண்டி வரலன்னா யாரைக் கேக்கறது, கம்பெனி சூப்பர்வைசரையா, மாநகராட்சி சுகாதார ஆய்வாளரையா, கவுன்சிலரையா? மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணலாம், அவங்களோட 'நம்ம சென்னை' ஆப்ல போடலாம், ரெண்டும் பயன்படுத்த வேண்டிய விஷயம்தான், ஆனா போட்ட புகார் என்ன ஆச்சுன்னு கேக்க ஒரு தெரிஞ்ச முகம் இல்லைங்கறதுதான் மனசுல அதிருப்தியா நிக்குது.

காசு கொடுக்கற முறையையும் பாக்கணும், இது வெளிய தெரியாது ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கு நேரடியாப் பதில் இங்கதான் இருக்கு. ரொம்ப நாள் வரைக்கும் காண்ட்ராக்டருக்குப் பணம் டன் கணக்குலதான் போச்சு, கிடங்கு வாசல்ல எடை மேடைல வண்டியை நிறுத்தி எத்தனை டன்னோ அத்தனைக்குப் பில். யோசிச்சுப் பாருங்க, எடைக்குக் காசுன்னா குப்பையைக் குறைக்கணும்னோ பிரிக்கணும்னோ யாருக்குத் தோணும், ஈரத்தோட கலந்து போனா எடை கூட. மண்ணு, கட்டட இடிபாடு எல்லாம் சேந்து போனாலும் நஷ்டம் ஒண்ணும் இல்ல. 2020ல தேனாம்பேட்டைல இருந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் ஏழு மண்டலத்துக்குப் போட்ட எட்டு வருஷக் காண்ட்ராக்ட்ல இதை மாத்தினாங்க, எடைக்குப் பதிலா வேலை எப்படி நடக்குதுங்கற அளவுகோல் வச்சுப் பணம், வீடு வீடா வாங்கறாங்களா, பிரிச்சு வாங்கறாங்களா, தொட்டி நிரம்பி வழியுதா, புகாரை நேரத்துக்கு முடிக்கறாங்களா, இப்படி. என்னைக் கேட்டா சென்னைக் குப்பை விஷயத்துல நடந்த உருப்படியான மாற்றங்கள்ல இது ஒண்ணு. ஆனா அந்த மார்க்கைப் போடறது யாரு, அதுல தெருக்காரங்க பேச்சுக்கு என்ன இடம்னு கேக்க வேண்டியது நம்ம வேலை, அதை நாம செய்யறது இல்ல.

சரி, ஒண்ணாக் கொட்டறாங்கங்கற புகார். சில இடத்துல உண்மையிலயே ஒண்ணாதான் போகுது, அதை மறைக்க வேண்டியது இல்ல. நடக்கறது என்னன்னா, பேட்டரி வண்டில மக்கும் குப்பைக்குப் பச்சை டப்பா, மக்காததுக்கு நீல டப்பான்னு தனித்தனியா இருக்கும், அது நிறைஞ்சதும் ஒரு இடத்துல போய் இறக்கணும். மக்கும் குப்பை பக்கத்துல இருக்கற உரம் தயாரிக்கற மையத்துக்கோ, அதுல இருந்து எரிவாயு எடுக்கற பயோ சிஎன்ஜி பிளான்ட்டுக்கோ போகணும், மக்காதது தரம் பிரிக்கற மையத்துக்குப் போகணும். உரத் தொட்டி நிறைஞ்சு போச்சு, மெஷின் ரிப்பேர், மழை பெய்யுது, அப்ப ரெண்டும் ஒரே காம்பாக்டர் லாரில, அதாவது குப்பையை அமுக்கி ஏத்திட்டுப் போற லாரில ஏறிடும். வீட்டுலயே பாதிப் பேர் கலந்து கொடுத்துட்டா நல்லாப் பிரிச்சுக் கொடுத்த மீதிப் பாதியும் அதுல கலந்து வீணாப் போகுது. ஆனா சில சமயம் நமக்குக் கலக்கற மாதிரி தெரியறது கலப்பு இல்ல, நீல டப்பால போட்டதையெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டிக் கொண்டு போய் மையத்துல உக்காந்து பிரிப்பாங்க, பெட் பாட்டில் தனி, அட்டை தனி, பால் கவர் தனி. பால் கவருக்கும் பாட்டிலுக்கும் காயலான் கடைல காசு உண்டு, பல இடங்கள்ல அந்தக் காசு வேலை செய்யறவங்களுக்கே போகுது, அதனால அதை அவங்க வீணாக்க மாட்டாங்க. சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், ஷாம்பூ சாஷேக்குத்தான் விலையே கிடையாது, அது சிமென்ட் ஃபாக்டரி சூளைக்கு எரிபொருளாப் போனா உண்டு, இல்லன்னா கிடங்குதான்.

அதனால வாட்ஸ்அப்ல வீடியோ போடறதை விட ஒரு நாள் காலைல சங்கத்துல ரெண்டு பேர் வண்டி பின்னாடியே போய்ப் பாருங்க, எங்க இறக்கறாங்க, அங்க இருந்து எங்க போகுதுன்னு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டே போங்க, ஒளிஞ்சு போக வேண்டியது இல்ல. எங்க கலக்குதுன்னு கண்ணால பாத்துட்டீங்கன்னா அப்புறம் பேசறதுக்கு ஒரு பிடி கிடைக்கும், உங்க வார்டு உர மையம் ஏன் ஓடலன்னு குறிப்பாக் கேக்கலாம். பொதுவா எல்லாம் வேஸ்ட்னு சொல்றவங்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியது இல்ல, குறிப்பாக் கேக்கறவங்களுக்குச் சொல்லித்தான் ஆகணும்.

கட்டணம் பத்தி ஒரு வார்த்தை. சென்னைல வீட்டுக்கு மாசம் 10 ரூபால இருந்து 100 ரூபா வரைக்கும்னு 2021 ஜனவரில இருந்து வாங்கறதா அறிவிச்சாங்க, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வச்சாங்க. அந்த எதிர்ப்பு எனக்குப் புரியுது, சொத்துவரி கட்டிட்டு இதுக்கு வேற கட்டணுமான்னு எவ்வளவோ பேர் கேட்டாங்க. ஆனா காசு எப்படிப் போகுதுங்கறதைப் பொறுத்து இருக்கு. புனேல ஸ்வச்னு ஒரு கூட்டுறவு, 2008ல இருந்து நடத்தறாங்க, குப்பை பொறுக்கிப் பிழைச்சவங்களே அதுல உறுப்பினர்கள், வீட்டுக்காரங்க மாசாமாசம் கொடுக்கற காசு நேரா வீட்டுக்கு வர்ற ஆளுக்கே போகுது. கேரளாவுல ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாசம் ஒரு தடவை வந்து மக்காத குப்பையை வாங்கிட்டுப் போறாங்க, ஊராட்சிப் பக்கம் 50 ரூபா. ரெண்டு இடத்துலயும் முணுமுணுப்பு இருக்கு, தகராறும் இருக்கு, ஆனா யாருக்குக் காசு கொடுக்கறோம், எதுக்குக் கொடுக்கறோம்னு தெரியுது. நம்ம ஊர்ல சொத்துவரியோட சேத்து எங்கயோ ஒரு கணக்குல போனா அது இன்னொரு வரிதான், அதனால சர்வீஸ் மாறாது.

மத்திய அரசு ஊர்களோட சுத்தத்துக்கு ராங்க் போடற ஸ்வச் சர்வேக்ஷன் பத்தி எல்லாரும் பேசறாங்களேன்னா, 2024க்கான பட்டியல்ல பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கற 40 ஊர்ல சென்னை 38, மதுரை கடைசி, அகமதாபாத் முதல்ல, வருஷா வருஷம் முதல்ல வந்துட்டு இருந்த இந்தூரை சூப்பர் ஸ்வச் லீக்னு ஒரு தனிப் பிரிவுல வச்சுட்டாங்க. மக்கள் கருத்துக்கும் அதுல மார்க் உண்டு. அதை அப்படியே நம்பிடவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். இந்தூர்ல கத்துக்க வேண்டியது ராங்க் இல்ல, வண்டி வர்ற நேரத்தையும் வாசல்லயே பிரிச்சு வாங்கறதையும் முதல்ல உறுதியாக்கிட்டு அப்புறம்தான் தெருத் தொட்டியை எடுத்தாங்க, பிரிச்ச ஈரக் குப்பை போறதுக்கு 2022ல தினமும் 550 டன் எடுக்கற பயோ சிஎன்ஜி பிளான்ட்டையும் திறந்தாங்க. நம்ம பக்கம் நிறைய இடத்துல தொட்டியை எடுத்துடறாங்க, நேரம் உறுதியாகல, அடுத்த வாரமே தொட்டி இருந்த அதே மூலைல குப்பை மேடு வந்துடுது.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நாம திருப்தின்னு சொல்றது நம்ம வாசல்ல இருந்து வண்டி வரைக்கும்தான். அதுக்கப்புறம் அது பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கோ கொடுங்கையூர்க் கிடங்குக்கோ போகுது, அங்கயும் மக்கள் குடியிருக்காங்க, அவங்களும் இதே மாநகராட்சிக்கு வரி கட்டறாங்க. 2022 ஏப்ரல் கடைசில பெருங்குடிக் கிடங்கு தீப்பிடிச்சு நாள் கணக்குல புகைஞ்சுது, ஒட்டியே இருக்கறது பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதே வருஷம்தான் அதுக்கு உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற ராம்சார் அங்கீகாரமும் கிடைச்சுது. கொடுங்கையூர்ல குப்பை எரிச்சு கரண்ட் எடுக்கற உலை வேண்டாம்னு 2025 மே மாசம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி நின்னாங்க. பழைய மேட்டைத் தோண்டிப் பிரிக்கற பயோமைனிங் ரெண்டு இடத்துலயும் ஆரம்பிச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா இங்க கலந்து அனுப்பறது நிக்காத வரைக்கும் அந்தப் பக்கம் தோண்டறதும் இந்தப் பக்கம் கொட்டறதுமா போகும். குப்பை சர்வீஸ் எப்படி இருக்குன்னு கேக்கறப்ப கொடுங்கையூர்க்காரங்க பதிலையும் கணக்குல எடுக்காத எந்த சர்வேவும் அரைகுறைதான்னு நான் நினைக்கறேன். நீங்க வீட்டுல பிரிக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே பெரிய காரணம் இதுதான், வண்டிக்காரர் என்ன செஞ்சாலும் நிறுத்தாதீங்க.

இனி என்ன பண்ணலாம்னா, சர்வேயைத் திரும்ப எடுங்க, ஆனா திருப்தியா இல்லையான்னு கேக்காதீங்க. போன வாரம் உங்க கையால எத்தனை நாள் குப்பை கொடுக்க முடிஞ்சுது, வண்டி எத்தனை மணிக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுமா, உங்க வீட்டுல குப்பையைக் கொடுக்கறது யாரு, நீங்க பிரிச்சுக் கொடுத்தது வண்டில தனித்தனியாப் போனதைப் பாத்தீங்களா, கடைசியா கொடுத்த புகார் எத்தனை நாள்ல தீந்துது, இந்த அளவு போதும். பதிலோட எந்த மாடி, எந்தப் பக்கம், வாடகையா சொந்தமான்னு குறிச்சுக்கோங்க, பேர் வேண்டாம். தீபாவளி, ஆயுத பூஜை, போகி வர்ற வாரத்துல எடுக்காதீங்க, அப்ப வர்ற பதில் வருஷம் முழுக்க இருக்கற நிலைமையைச் சொல்லாது. வாட்ச்மேனையும் வேலை செய்யற அக்காக்களையும் நேர்ல போய்க் கேளுங்க, முடிஞ்சா வண்டில வர்றவங்களையும் கேளுங்க, உங்க தெருவுல எந்த வீடு கலந்து கொடுக்குதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அதை வச்சு யாரையும் குரூப்ல பேர் சொல்லி அசிங்கப்படுத்தாதீங்க, ஒரு வாட்டி அப்படிப் பண்ணிட்டா அப்புறம் யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க.

கிடைச்சதை ஒரு பக்கத்துல எழுதி ஏரியா சபைக்கு, அதாவது கிராம சபை மாதிரி உங்க பகுதி மக்கள் கூடிப் பேசற கூட்டத்துக்குக் கொண்டு போங்க, 2022 நவம்பர்ல இருந்து நம்ம மாநிலத்துல நகரங்கள்லயும் அது நடக்குது, நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. அங்க போய் சர்வீஸ் மோசம்னு பேசினா குறிச்சு வச்சுக்கறோம்னு சொல்லி முடிச்சுடுவாங்க. வண்டி லேட்டா வர்ற பக்கம் இருக்கற வீடுகளுக்கு எட்டு மணிக்கு முன்னாடி வரணும், மக்காத குப்பைக்கு வாரத்துல ஒரு கிழமை முடிவு பண்ணி போர்டு வைக்கணும், வார்டு உர மையம் எப்ப ஓடும்னு சொல்லணும், இந்த ரூட்டுக்கு வர்ற ஆளை அடிக்கடி மாத்தக் கூடாதுன்னு கேளுங்க. தீர்மானமா எழுதச் சொல்லுங்க, அடுத்த கூட்டத்துல முதல் விஷயமா அதையே திரும்ப எடுங்க. உங்க ஃபிளாட் வளாகத்துல தினமும் 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா, 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்ல இருந்தே ஈரக் குப்பையை முடிஞ்ச வரைக்கும் உள்ளயே உரமாக்கற பொறுப்பு உங்க மேல இருக்கு, அதையும் போறதுக்கு முன்னாடி சரி பண்ணிட்டுப் போங்க, இல்லன்னா அங்க முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும்.